விளையாடாத பெரியவர்களுக்கும் எங்கள் டிஸ்கார்டு சர்வரில் இடம் வேண்டும். எப்படிச் செய்வது?

ஐயாற்றுக்காரன் (திருவையாறு)
ஜூன் 3, இரவு 11.20

வணக்கம். திருவையாற்றில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன், வயது 28. குறுவைக்கு முன்னால் எரிந்துபோன பம்புசெட் மோட்டார்கள் வரிசையாக வந்து இறங்கும் நேரம் இது. கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிட்டு முடித்து, இரவு ஒன்பதரைக்கு மேல்தான் கணினி முன்னால் உட்கார முடிகிறது. அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் இந்தக் கேள்வி.

2020 ஊரடங்கில் பள்ளி நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து பிளாக் பிளாக்காக அடுக்கி எதையும் கட்டும் மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டை ஆடத் தொடங்கினோம். ஒருவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், ஒருவன் ஷார்ஜாவில், மற்ற மூவரும் ஊரில். பேசுவதற்காக டிஸ்கார்டு என்ற அரட்டைச் செயலியில் ஒரு சர்வர், அதாவது எங்களுக்கென்று ஒரு தனி இடம், திறந்தோம். அதில் குரல் அறை என்று ஒன்று உண்டு. யாரையும் போன் போட்டு அழைக்க வேண்டியதில்லை. யார் உள்ளே இருக்கிறார்கள் என்பது வெளியிலிருந்தே தெரியும், மனம் இருந்தால் நுழையலாம். எங்கள் அறைக்குப் ‘படித்துறை’ என்று பெயர் வைத்தோம். கடையில் வேலை முடியாத நாட்களில் போனை மேசைமேல் வைத்துவிட்டு, கம்பி சுற்றிக்கொண்டே அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தைகூடப் பேசாத இரவுகள் உண்டு. அந்த இரவுகளில்கூட நான் தனியாக இருந்ததாக நினைவில்லை.

இரண்டு வருடங்களுக்கு முன் திருப்பூர் நண்பன், “சும்மா வீடு கட்டுவதற்குப் பதிலாக நம் ஐந்து ஆறுகளையும் கட்டினால் என்ன?” என்று கேட்டான். காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு. தஞ்சாவூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் பதின்மூன்று கிலோமீட்டருக்குள் இந்த ஐந்தையும் தாண்டித்தான் எங்கள் ஊருக்குள் நுழைவார்கள். ஆறுகளின் நீளத்தைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கினோம். பாலங்களையும் கல்லணையையும் மட்டும் உண்மை அளவில் கட்டுகிறோம். விளையாட்டில் ஒரு பிளாக் என்பது ஒரு மீட்டர். கல்லணை 329 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 5.4 மீட்டர் உயரம் என்கிறார்கள். அந்த 5.4 ஐந்தா, ஆறா என்று மூன்று நாள் விவாதம் நடந்தது. கடைசியில் ஐந்து பிளாக் வைத்து அதன்மேல் ஒரு ஸ்லாப் போட்டோம். ஸ்லாப் பாதி உயரம், ஆக ஐந்தரை. அணை நேர்கோட்டில் இல்லாமல் வளைந்து நெளிந்து போவதால், சதுரக் கற்களால் அந்த வளைவைக் கொண்டுவர மட்டும் ஒரு மாதம் பிடித்தது.

இப்போது 68 பேர். கட்டுகிறவர்கள் இருபது பேர் இருக்கும், அவர்களில் ஆறு பேர் கல்லூரிப் பெண்கள். மற்றவர்கள் பார்க்கிறார்கள், பேசுகிறார்கள். போன வருடம் ஒரு பையன் தன் தாத்தாவைக் கூட்டி வந்தான். பொதுப்பணித்துறையில் முப்பது வருடத்துக்கு மேல் லஸ்கராக, அதாவது ஆற்று மதகுகளின் ஷட்டர்களை ஏற்றி இறக்கும் ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது வயதைத் தாண்டியவர். பேரன் திரையைக் காட்டியதும் அவர் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, தண்ணீர் ஏன் நிற்கிறது? இது ஆறா, குளமா?”

அவர் சொன்னது சரி. விளையாட்டில் ஊற்றும் தண்ணீர் சமதரையில் ஏழு பிளாக் வரை ஓடி நின்றுவிடும். தொடர்ந்து ஓட வேண்டுமானால் ஏழெட்டு பிளாக்குக்கு ஒரு படி இறக்க வேண்டும். நம் சமவெளியிலோ ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் கிடையாது. விளையாட்டின் கணக்குப்படி இறக்கிக்கொண்டே போனால் திருக்காட்டுப்பள்ளி வருவதற்குள் ஆறு பாதாளத்துக்குப் போய்விடும். அதனால் நீளம் முழுக்க நிற்கும் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தோம். ஐயா யோசித்துவிட்டு, “ஷட்டர் இருக்கிற இடத்தில் மட்டும் தரையை இறக்கு. அங்கேதான் தண்ணீர் சத்தம் போடும். மற்ற இடத்தில் ஆறு நகர்வது கரையில் நிற்கிறவனுக்கே தெரியாது” என்றார். அப்படியே செய்தோம். அதன் பிறகு அந்த உலகத்தில் நடந்து பார்த்தவர்கள் எல்லோரும் இது நம் ஊர் என்கிறார்கள்.

இனி என் சிக்கல். ஐயாவுக்கும், அவர் வழியாக வந்த இன்னும் மூன்று பெரியவர்களுக்கும் வாட்ஸ்அப்தான் பழக்கம். அவர்களுக்காக ஒரு குழு தொடங்கினோம். இப்போது பேச்சு இரண்டாகப் பிரிந்துவிட்டது. போன மாதம் ஷார்ஜா நண்பன் வெட்டாற்றைக் குடமுருட்டியிலிருந்து பிரித்துக் கட்டிவிட்டான். வெட்டாறும் வடவாறும் தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து பிரிகின்றன. ஐயா அன்றைக்கே வாட்ஸ்அப்பில் நான்கு நிமிடக் குரல் பதிவில் தவறைச் சொல்லியிருக்கிறார். டிஸ்கார்டில் இருந்த யாரும் அதைக் கேட்கவில்லை. ஒன்பது நாள் தவறான இடத்தில் கட்டினோம். “நான் சொல்வது உங்களுக்குத் தேவைப்படவில்லை போலிருக்கிறது” என்று அவர் பேரனிடம் சொன்னதாக அறிந்தபோது எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லோரையும் வாட்ஸ்அப்புக்கு மாற்றலாமா? பெரியவர்களை டிஸ்கார்டுக்கு அழைத்து வருவதா? இதே நிலையைக் கடந்தவர்கள் சொல்லுங்கள்.


குதிரைப்பாய்ச்சல் (கும்பகோணம்)
ஜூன் 4, காலை 7.05

அண்ணா, எல்லோரையும் வாட்ஸ்அப்புக்கு மாற்றாதீர்கள். அந்த ஆறு பெண்களில் எத்தனை பேர் உங்களோடு வருவார்கள் என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

நாங்கள் சதுரங்கக் குழு. சனிக்கிழமை இரவு எட்டரைக்கு லிசெஸ் தளத்தில் எங்களுக்குள் ஒரு போட்டி வைத்துக்கொள்கிறோம். அந்தத் தளம் 2010இல் தொடங்கியது. கட்டணமும் கிடையாது, விளம்பரமும் கிடையாது, நன்கொடையில் நடக்கிறது. ஆரம்பத்தில் நாங்களும் வாட்ஸ்அப்பில்தான் பேசினோம். குழுவில் சேர்ந்தால் எல்லோருக்கும் நம் போன் எண் தெரியும். நான் ஒருவரைத் தோற்கடித்த அன்று இரவு பதினொன்றே முக்காலுக்கு அவரிடமிருந்து தனிச் செய்தி வந்தது. சதுரங்கத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் மூன்று பெண்கள் காரணம் சொல்லாமல் விலகினார்கள். நாங்கள் எல்லோரும் ஒரே காரணத்தை மனதில் வைத்திருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

டிஸ்கார்டுக்கு மாறிய பிறகு புனைபெயர் போதும் என்றாயிற்று. எல்லை மீறுகிறவரை வெளியேற்ற இரண்டு மட்டுறுத்துநர்கள் இருக்கிறோம், அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இன்று 41 பேரில் 17 பேர் பெண்கள். பாபநாசத்திலிருந்து ஒரு அக்கா ஒன்றரை வருடம் வெறுமனே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பொங்கலுக்கு முதல் முறையாக மைக்கைத் திறந்து, “கறுப்பு யானையை எடுத்திருக்கலாமே” என்றார். எடுத்திருக்கலாம்தான், அவர் பார்த்தது சரியான நகர்வு. இப்போது அவர்தான் போட்டி அட்டவணை போடுகிறார்.

பெரியவருக்கு வாட்ஸ்அப் வசதி என்றால் அவர் அங்கேயே இருக்கட்டும். அவர் சொல்வதை இங்கே கொண்டுவருவது உங்கள் வேலை. அதற்கென்று ஒருவரை வையுங்கள்.


வயலோரம் (மன்னார்குடி)
ஜூன் 4, காலை 9.40

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். உண்மையான வெண்ணாற்றில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர மாட்டேன் என்கிறது. இருபது இளைஞர்கள் கணினியில் ஆறு கட்டுவதைவிடக் கரையில் இறங்கி ஒரு வாய்க்காலைத் தூர்வாரினால் ஊருக்கு உதவும் என்பது என் கருத்து.


ஐயாற்றுக்காரன்
ஜூன் 4, இரவு 10.15

வயலோரம் அண்ணன், உங்கள் ஆதங்கம் நியாயமானது. ஆனால் எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு வடவாறு எங்கே தலைப்பு வாங்குகிறது, அதாவது எங்கே பிரிகிறது என்பது இதற்கு முன் தெரியாது. தினமும் பாலத்தைத் தாண்டியவர்கள்தான். இப்போது மேட்டூர் நீர்மட்டத்தைக் காலையில் முதல் வேலையாகப் பார்த்துச் சேனலில் போடுகிறார்கள். போன மாசியில் எங்கள் தெருப் பக்கத்துக் கன்னி வாய்க்காலில் பிளாஸ்டிக் அள்ளியபோது பதினோரு பேர் வந்தார்கள், ஏழு பேர் இந்த சர்வரிலிருந்து வந்தவர்கள். ஊரில் ஒரே தெருவில் இருந்தும் ஒருவருக்கொருவர் முகம் தெரியாமல், குரலை வைத்து அடையாளம் கண்டுபிடித்தார்கள்.

கும்பகோணம் தங்கை, உங்கள் பதிலைப் படித்துவிட்டு எங்கள் பெண்களிடம் கேட்டேன். ஆறில் ஐந்து பேர் வாட்ஸ்அப்புக்கு வர மாட்டோம் என்றார்கள். நீங்கள் சொல்லாவிட்டால் இதை நான் கேட்டே இருக்க மாட்டேன்.


மீட்டர்கேஜ் (திருவாரூர்)
ஜூன் 5, மாலை 6.30

தம்பி, நீங்கள் கட்டும் அணையைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நான் ரயில் பைத்தியம். வயது 56. ‘மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டர்’ 2001இல் வந்தது, அன்று முதல் கணினியில் தண்டவாளம் போடுகிறேன். இப்போது ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச மென்பொருளில். திருவாரூர்–காரைக்குடி மீட்டர்கேஜ் பாதையை, அகலப்பாதையாக மாறுவதற்கு முன் எப்படி இருந்ததோ அப்படியே செய்து வைக்க வேண்டும் என்பது என் வாழ்நாள் வேலை. அகலப்பாதை 2019இல் திறந்தது. பழைய கைகாட்டிக் கம்பங்கள் போய்விட்டன. நினைவு இருக்கிறவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதனால் உங்கள் லஸ்கர் ஐயாவின் அருமை எனக்குத் தெரிகிறது.

எங்கள் தலைமுறை ஐ.ஆர்.சி.யில் தொடங்கியது. 1988இல் பின்லாந்தில் ஒருவர் எழுதிய அரட்டை முறை அது. எழுத்து மட்டும்தான். நீங்கள் இல்லாதபோது பேசியது உங்களுக்குக் கிடைக்காது. பிறகு விளையாட்டுக்காரர்கள் குரலில் பேச டீம்ஸ்பீக் போன்றவை வந்தன, அதற்கு யாராவது ஒருவர் சர்வருக்கு வாடகை கட்ட வேண்டும், இல்லையென்றால் தன் கணினியிலேயே ஓட்ட வேண்டும். டிஸ்கார்டு 2015 மே மாதம் வந்தபோது குரல், எழுத்து, பழைய பேச்சு எல்லாம் காசில்லாமல் ஒரே இடத்தில் கிடைத்தன. விளையாட்டுக்காரர்களுக்காகச் செய்ததைப் பிறகு பின்னல் போடுகிறவர்களும் மீன் வளர்க்கிறவர்களும் என்னைப் போன்றவர்களும் எடுத்துக்கொண்டோம். உங்கள் மைன்கிராஃப்டிலேயே 2020 மார்ச்சில் ‘பில்ட் தி எர்த்’ என்று பூமி முழுவதையும் உண்மை அளவில் கட்டும் முயற்சி ஒன்று தொடங்கியது. பல நாட்டுக்காரர்கள் எந்த ஊரை யார் கட்டுவது என்று பிரித்துக்கொள்வது டிஸ்கார்டில்தான்.

ஆனால் ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருங்கள். பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் இடம் பெட்டகம் ஆகாது. எங்கள் பழைய மின்னஞ்சல் குழுவை நடத்திய இலவசச் சேவையை ஒரு நாள் மூடிவிட்டார்கள். அறிவிப்பு வந்திருந்தது, நாங்கள்தான் நாளைக் கடத்தினோம். ஒரு ஓய்வுபெற்ற நிலைய அதிகாரி கைப்பட வரைந்து அனுப்பிய யார்டு வரைபடங்கள் இருபதுக்கு மேல் அதில் போயின. அவர் அடுத்த வருடம் காலமானார். அந்த வரைபடங்களைத் திரும்ப வரைய யாரும் இல்லை.

எனவே, ஐயா சொல்வது ஒவ்வொன்றையும் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். டிஸ்கார்டில் மன்ற வகைச் சேனல் என்று ஒன்று உண்டு, ஒவ்வொரு தலைப்பும் தனி இழையாக நிற்கும். தென்பெரம்பூருக்கு ஒன்று, கல்லணைக்கு ஒன்று. யார் சொன்னார், என்றைக்குச் சொன்னார், நேரில் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மாதம் ஒருமுறை அதைப் பிரதி எடுத்து வன்தட்டில் போடுங்கள். காகிதத்திலும் ஒரு பிரதி எடுத்து ஐயா கையில் கொடுங்கள்.


அரசலாற்றங்கரை (நாச்சியார்கோவில்)
ஜூன் 6, பிற்பகல் 2.10

என் மகன் ஏழாம் வகுப்பு. இரவு பகலாக மைன்கிராஃப்ட்தான். உங்கள் குழுவில் அவனைச் சேர்க்கலாமா? யார் யாரோ பேசும் இடம் என்பதால் பயமாகவும் இருக்கிறது.


ஐயாற்றுக்காரன்
ஜூன் 6, இரவு 9.50

அக்கா, டிஸ்கார்டில் கணக்குத் தொடங்க 13 வயது நிறைந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தவர்களை நாங்கள் சேர்ப்பதில்லை. தெரிந்த வீட்டுப் பிள்ளைகளானாலும் அப்படித்தான். தம்பிக்கு வயது வரும் வரை ஞாயிற்றுக்கிழமை நீங்களே உள்ளே வந்து உட்காருங்கள், அவன் பக்கத்தில் இருந்து பார்க்கட்டும். அம்மாவோடு சேர்ந்து பார்க்கும் பிள்ளைகள் ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறார்கள். தெரியாதவர்கள் தனிச் செய்தி அனுப்ப முடியாதபடி கணக்கை எப்படி அமைப்பது என்பதை அன்றைக்கே காட்டித் தருகிறேன்.


குதிரைப்பாய்ச்சல்
ஜூன் 6, இரவு 10.30

அண்ணா, இன்னொன்று. அழைப்பு இணைப்பு அனுப்பும்போது அதன் ஆயுளைப் பாருங்கள். மாற்றாமல் விட்டால் ஏழு நாளில் காலாவதியாகிவிடும். எங்கள் குழுவில் ஒரு ஆசிரியர் பத்தாம் நாள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டார். பெரியவர்கள் இரண்டாம் முறை கேட்க மாட்டார்கள்.


ஐயாற்றுக்காரன்
ஜூன் 17, இரவு 9.10

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. இந்த இரண்டு வாரத்தில் செய்தவற்றைச் சொல்கிறேன்.

முதல் வேலையாக ஐயா வீட்டுக்கு நேரில் போனேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஷார்ஜா நண்பன் வீடியோ அழைப்பில் வந்து, “ஐயா, வெட்டாற்றை நான்தான் தவறாகப் பிரித்தேன், முழுக்க இடித்துவிட்டேன்” என்றான். ஐயா உள்ளே போய் ஒரு பழைய டைரியை எடுத்து வந்தார். எந்தத் தேதியில் எந்த ஷட்டரை எத்தனை அடி தூக்கினார்கள் என்று பென்சிலில் எழுதி வைத்திருக்கிறார். பக்கங்கள் ஓரத்தில் பழுப்பேறி, சில இடங்களில் எண்ணெய்க் கறை. ஷட்டர் திருகுக்கு கிரீஸ் போட்ட கையோடு எழுதியதாம். என் கையிலும் வார்னிஷ் கறை இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, “நீயும் வேலைக்காரன்தான்” என்று டைரியை என்னிடம் நீட்டினார்.

குறிப்பாளர் பொறுப்பை வல்லம் பக்கத்துத் தங்கை ஒருவர் ஏற்றுக்கொண்டார். தன் எண்ணைக் கொடுக்க அவருக்கு விருப்பமில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஐயாவின் குரல் பதிவுகளைப் பேரன் வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து டிஸ்கார்டில் போடுகிறான், தங்கை அதைக் கேட்டு எழுத்தாக்குகிறார். மீட்டர்கேஜ் ஐயா சொன்னபடி இடத்துக்கு ஒரு இழை, அதில் தேதி, நேரில் பார்த்ததா என்ற குறிப்பு. இதுவரை 23 குறிப்புகள் சேர்ந்திருக்கின்றன. அதற்குள் ஒரு சண்டையும் வந்தது, பாலத்தின் கைப்பிடிச் சுவர் நிறத்தைப் பற்றி. ஒரு பையன் கோபித்துக்கொண்டு போயிருக்கிறான். அவன் திரும்பி வருவானா என்று தெரியவில்லை, நாளை கடை முடிந்ததும் வீட்டுக்குப் போகப் போகிறேன்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குத் திரையைப் பகிர்ந்து எல்லோரும் ஒன்றாக ஆற்றோரம் நடப்பது என்று வைத்தோம். முதல் வாரம் 19 பேர் வந்தார்கள். நாச்சியார்கோவில் அக்காவும் மகனோடு வந்திருந்தார். ஐயா பேரனின் போனில் பார்த்தபடி, “இடது பக்கம் திரும்பு, அங்கே ஒரு புளியமரம் இருக்க வேண்டும்” என்றார். விளையாட்டில் புளியமரம் கிடையாது. ஓக் மரத்தை நட்டு அதன் கீழே ஒரு பலகை வைத்து ‘புளியமரம்’ என்று எழுதினோம். அதன் நிழலில்தான் வேலைக்குச் சேர்ந்த நாளில் சாப்பிட்டாராம். மரத்தை வெட்டிப் பல வருடம் ஆகிறது என்றார்.

இப்போது அவருக்கே டிஸ்கார்டு கணக்கு இருக்கிறது. எழுத்துச் சேனல்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அவர் கண்ணுக்குப் படித்துறை மட்டும் தெரியும்படி ஒரு தனிப் பொறுப்பு நிலை அமைத்துக் கொடுத்திருக்கிறோம். ஒரே ஒரு பெயர், அதைத் தொட்டால் உள்ளே. நான்கு பெரியவர்களில் இரண்டு பேர் இன்னும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறார்கள், இருக்கட்டும்.

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நேற்று மாலை எங்கள் ஊர்ப் பாலத்தில் நின்று பார்த்தேன், முன்னால் நுரையும் சருகுமாக வந்தது. அதை வீடியோ எடுத்துச் சேனலில் போட்டதற்கு ஷார்ஜாவிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கால் மணி நேரம் கழித்து அவன் படித்துறைக்கு வந்து, “சத்தத்தை இன்னொரு தடவை போடு” என்றான்.

இன்று ஒன்பதரைக்குத் தென்பெரம்பூர் ஷட்டர்களை டைரியை வைத்துச் சரிபார்க்கிறோம். இப்போது ஒன்பதே கால் ஆகப்போகிறது. படித்துறையில் ஐயா மட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் பேசவில்லை. அவர் வீட்டு மின்விசிறிச் சத்தத்துக்கே படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் விட்டுவிட்டு எரிகிறது. நான் உள்ளே போகிறேன்.